விழுந்தவளை மிதிக்கலாமா? சண்டை வீடியோ விளையாட்டும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

காஞ்சீபுரத்தில் பிள்ளையார்பாளையம் என்றால் தறிச் சத்தம்தான். தெருவில் கால் வைத்ததுமே காதில் விழும். 'டக்... டக்...' என்று ஒரே தாளம்.

அங்கே ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். பட்டுச் சேலையைப் பற்றி எழுதத்தான் போனேன். ஆனால் வேறொரு விஷயத்தைப் பற்றி எழுத வேண்டியதாகி விட்டது.

கூடத்தில் தறி. வீட்டுக்காரர் குழியில் கால் வைத்து உட்கார்ந்து நெய்து கொண்டிருந்தார். அவர் மனைவி எனக்குக் காப்பி கொடுத்தார். திடீரென்று உள் அறையில் இருந்து வேறொரு சத்தம் வந்தது. 'டமால்! ஆ...!' ஆயிரம் பேர் கூடி ஆரவாரம் செய்வது போல ஒரே இரைச்சல்!

நான் திடுக்கிட்டு விட்டேன்.

"பயப்படாதீங்க சார். செல்போன்தான். பெரியவன் சண்டை விளையாட்டு ஆடுறான்" என்றார் அந்த அம்மா.

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. முகம் வாடியிருந்தது.

முந்தின வாரம் நடந்தது

பையனுக்கு 12 வயது. ஏழாம் வகுப்பு படிக்கிறான். தங்கைக்கு 6 வயது. முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மெத்தை மேல் விளையாடிக் கொண்டிருந்தார்களாம். செல்போனில் வரும் மல்யுத்த வீரனைப் போல, அண்ணன் தங்கையைத் தூக்கி மெத்தையில் போட்டான். அவள் கலகலவென்று சிரித்தாள். அதுவரை விளையாட்டுதான்.

அடுத்த நொடி! விழுந்து கிடந்தவளின் வயிற்றுக்கு நேராக அண்ணன் காலைத் தூக்கினான்!

நல்ல வேளை, பாட்டி பார்த்து விட்டார். ஓடி வந்து அவனைப் பிடித்து இழுத்தார். "என்னடா பண்றே!" என்று கத்தினார்.

பையன் திருதிருவென்று விழித்தான். "கீழே விழுந்தப்புறம் மிதிச்சாத்தான் பாட்டி பாயிண்ட் வரும்" என்றான்.

"பையன் கெட்டவன் இல்லே சார். தங்கச்சின்னா அவனுக்கு உசிரு. அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் தாயார்.

தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் பேசினார். அவர் சிறுவனாக இருந்தது 1990-களில். கோர்வைத் தறிக்கு மறு பக்கம் நாடா எடுத்துக் கொடுக்க ஒரு பையன் வேண்டும். 9 வயதிலேயே அவரை அந்த வேலையில் உட்கார வைத்து விட்டார்கள். காஞ்சீபுரத்துப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் வேலை செய்தது அப்போது சாதாரணம்.

"எனக்கு விளையாட்டுன்னா என்னன்னே தெரியாது சார். இவனாவது ஆடட்டும்னுதான் விட்டேன்" என்றார்.

"ஆடட்டும். வேண்டாம்னு சொல்லலே. ஆனா இதையா ஆடணும்?" என்றார் மனைவி.

அந்தச் செல்போன் கொரோனா காலத்தில் வாங்கியது. பள்ளிக்கூடம் மூடியிருந்தபோது பாடம் படிக்க வேண்டுமே என்று வாங்கினார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. போன் பையன் கையிலேயே நின்று விட்டது.

இப்போது இன்னொரு கேள்வியும் வந்து விட்டது. சென்னையில் சித்தப்பா வீடு இருக்கிறது. அங்கே டி.வி.யில் மாட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டி இருக்கிறது. அதில் 'மோர்ட்டல் காம்பாட்' என்ற சண்டை விளையாட்டு உண்டாம். லீவுக்கு அங்கே போக வேண்டும் என்று பையன் துடிக்கிறான்.

"நீங்க காலேஜ் படிச்சவங்க. இதெல்லாம் பிள்ளைங்க ஆடலாமா, கூடாதா? பார்த்துச் சொல்லுங்க சார்" என்று அந்த அம்மா கேட்டார்.

நானும் சின்ன வயதில் வீடியோ விளையாட்டு ஆடியவன்தான். ஆனால் ஒரு தாயின் கண்ணால் அதைப் பார்த்தது கிடையாது. "விசாரித்துச் சொல்கிறேன் அம்மா" என்றேன். விசாரித்ததை அந்த அம்மாவுக்கு மட்டும் சொன்னால் போதாது. எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

மூன்று வகைச் சண்டை

சண்டை விளையாட்டு எல்லாம் ஒன்று அல்ல. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, உண்மையான பந்தயத்தைப் போலவே இருப்பது. குத்துச்சண்டை, டி.வி.யில் வரும் அமெரிக்க மல்யுத்தம், குத்தும் பிடியும் கலந்த 'யு.எப்.சி.' சண்டை ஆகியவை இதில் சேரும். மேடை இருக்கும். நடுவர் இருப்பார். மணி அடிக்கும்.

இரண்டாவது வகை, கற்பனை வீரர்களின் சண்டை. 1991-ல் ஜப்பானில் இருந்து வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' இந்த வகை. 1994-ல் வந்த 'டெக்கன்' என்பதும் இதே வகை. ஒவ்வொரு வீரனுக்கும் மேலே ஒரு கோடு தெரியும். அதுதான் அவனுடைய பலம். அடிபட அடிபடக் கோடு குறையும். கோடு தீர்ந்தால் அவன் விழுவான். அத்துடன் அந்தச் சுற்று முடிந்தது.

மூன்றாவது வகையில்தான் வம்பு இருக்கிறது. 1992-ல் அமெரிக்காவில் சிக்காகோ நகரத்துக் கம்பெனி ஒன்று 'மோர்ட்டல் காம்பாட்' விளையாட்டைக் கொண்டு வந்தது. இதில் எதிரி தோற்றுத் தள்ளாடுவான். அவனால் கையைக்கூடத் தூக்க முடியாது. அப்போது ஒரு குரல் கேட்கும். அவனைத் தீர்த்துக் கட்டு என்று கட்டளையிடும்! பட்டனைச் சரியான வரிசையில் அழுத்தினால், அவன் தலையைப் பிய்க்கலாம். நெஞ்சைப் பிளந்து இருதயத்தை எடுக்கலாம்.

எதிரி ஏற்கெனவே தோற்று விட்டான். பந்தயம் முடிந்து விட்டது. ஆனாலும் கொடுமை அப்போதுதான் ஆரம்பம் ஆகிறது. இதைக் கவனித்துக் கொள்ளுங்கள். பின்னால் இந்த இடத்துக்கே திரும்பி வருவோம்.

ரத்தம் வேர்வை ஆன கதை

1993 செப்டம்பரில் இந்த விளையாட்டு வீட்டில் வைத்து ஆடும் பெட்டிகளுக்கும் வந்தது. இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டன. ஒன்று நின்டெண்டோ. இன்னொன்று சேகா.

"குழந்தைகள் ஆடுகிறார்களே!" என்று நின்டெண்டோ யோசித்தது. சிவப்பு ரத்தத்தைச் சாம்பல் நிற வேர்வையாக மாற்றியது. கடைசிக் கொடுமைகளையும் குறைத்தது. சேகா வேறு வழி செய்தது. ரத்தத்தை மறைத்து வைத்தது. பட்டன்களை ஒரு ரகசிய வரிசையில் அழுத்தினால் ரத்தம் கொட்டும்.

எது அதிகம் விற்றது தெரியுமா? சேகாதான்!

அமெரிக்கப் பெற்றோர் கொதித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அந்த நாட்டு செனட் சபை விசாரணை நடத்தியது. லீபர்மன், கோல் என்ற இரண்டு செனட்டர்கள் முன்னின்று கம்பெனிகளைக் கேள்வி கேட்டார்கள். அதன் பலனாக 1994-ல் விளையாட்டுகளுக்கு வயது குறிக்கும் சபை ஒன்று ஏற்பட்டது. கம்பெனிகளே சேர்ந்து அதை அமைத்தன. 'இ' என்ற எழுத்து இருந்தால் எல்லோருக்கும் ஏற்றது. 'டி' என்றால் 13 வயதுக்கு மேல். 'எம்' என்றால் 17 வயதுக்கு மேல்.

கலிபோர்னியா மாகாணம் இன்னும் கடுமையாகப் போனது. கொடூர விளையாட்டைச் சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்று சட்டமே போட்டது. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. புத்தகத்துக்கு உள்ள சுதந்திரம் விளையாட்டுக்கும் உண்டு என்றது. எனவே அங்கேயும் கடைசிப் பொறுப்பு பெற்றோர் தலையில்தான்!

ஒரே விளையாட்டுக்கு வயது மாறுவதும் உண்டு. 2020-ல் வந்த நாலாவது 'யு.எப்.சி.' விளையாட்டுக்கு 13 வயது என்று போட்டார்கள். 2023-ல் ஐந்தாவது வந்தது. அதற்கு 17 வயது என்று போட்டு விட்டார்கள். என்ன காரணம்? காயமும் வீக்கமும் ரத்தமும் நிஜம் போலவே தெரிய ஆரம்பித்து விட்டன. ஆகவே "போன தடவை வாங்கினோமே, அதே பெயர்தானே" என்று நம்பி வாங்கக்கூடாது.

நம் நாட்டில் என்ன நிலை?

நம் நாட்டில் சினிமாவுக்குத் தணிக்கை உண்டு. 1952-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2023-ல் அதைத் திருத்தினார்கள். பெற்றோர் துணையுடன் பார்க்கும் படங்களுக்கு 7, 13, 16 என்று வயது குறிக்க ஏற்பாடு செய்தார்கள். வீடியோ விளையாட்டுக்கு அப்படி ஒரு தணிக்கை சபை நம்மிடம் இல்லை.

ஆனால் செல்போனில் ஒரு வழி இருக்கிறது. 'கூகுள் பிளே' கடையில் விளையாட்டின் பெயருக்குக் கீழே ஓர் எண் இருக்கும். 3, 7, 12, 16, 18 என்று ஐந்து எண்கள். அந்த வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆடலாம் என்று அதற்கு அர்த்தம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இந்த எண்ணைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம்.

நம் அரசாங்கம் சில விளையாட்டுகளைத் தடை செய்ததும் உண்டு. துப்பாக்கிச் சண்டை விளையாட்டான 'பப்ஜி' ஞாபகம் இருக்கிறதா? 2020 செப்டம்பர் 2-ந் தேதி 118 செல்போன் செயலிகளைத் தடை செய்தார்கள். அதில் பப்ஜியும் ஒன்று. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு. குழந்தைகளின் மனம் அல்ல.

2021-ல் அதே விளையாட்டு வேறு பெயரில் திரும்பி வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் ஆட முடியாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். சுட்டால் தெறிக்கும் ரத்தத்தின் நிறத்தையும் பச்சை ஆக்கினார்கள்.

அமெரிக்காவில் ரத்தம் வேர்வை ஆனது. நம் நாட்டில் ரத்தம் பச்சை ஆனது. நிறம் மாறி விட்டது. கை செய்கிற காரியம் மாறியதா?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. நல்ல காரியம்தான். ஆனால் காசு போடாமல் தங்கையின் வயிற்றில் கால் வைக்கப் போன பையனை எந்தச் சட்டம் வந்து தடுக்கும்? பாட்டிதான் தடுக்க வேண்டும்!

அறிஞர்கள் சொல்வது என்ன?

இப்படி விளையாடும் பிள்ளை பெரியவன் ஆனதும் ரவுடி ஆகி விடுவானா? தாய்மார்களின் முதல் பயம் இதுதான்.

அறிஞர்கள் பல ஆண்டுகளாக இதை ஆராய்கிறார்கள். முழு ஒற்றுமை இன்னும் ஏற்படவில்லை. 2018-ல் 24 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் 17 ஆயிரம் பேருக்கு மேல் கலந்து கொண்டிருந்தார்கள். கொடூர விளையாட்டு ஆடியவர்களிடம் நாளடைவில் அடிதடிக் குணம் சற்று கூடியது தெரிந்தது. சற்றுத்தான், அதிகம் அல்ல.

2019-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். பெற்றோர்களிடமும் விசாரித்தார்கள். விளையாட்டுக்கும் முரட்டுக் குணத்துக்கும் சம்பந்தம் தெரியவில்லை என்றார்கள்.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் ஒரு விளக்கம் கொடுத்தது. கத்துவது, தள்ளுவது போன்ற சின்ன முரட்டுத்தனம் கூடலாம் என்றது. ஆனால் கொலை, துப்பாக்கிச் சூடு போன்ற பெரிய குற்றங்களுக்கு விளையாட்டைக் காரணம் சொல்ல ஆதாரம் போதாது என்றது.

ஆகவே தாய்மார்களே, ஒரு விளையாட்டை ஆடியதால் உங்கள் பிள்ளை கொலைகாரன் ஆகி விட மாட்டான். பயம் வேண்டாம். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சி 14, 15 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருக்கும் 6 வயதுத் தங்கையைப் பற்றியது அல்ல!

காஞ்சிக்குச் சண்டை புதிதல்ல

"சண்டையையே பிள்ளைகள் கண்ணில் காட்டக்கூடாது" என்று சிலர் சொல்லலாம். அது நடக்கிற காரியமா? அதுவும் காஞ்சீபுரத்தில்?

இந்த ஊரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவ மன்னன் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பட்டப் பெயர். பெரிய மல்லன் என்று அர்த்தம். 642-ல் வாதாபியை வென்றவன் அவன்தான். மாமல்லபுரம் என்ற பெயரும் அவன் பட்டத்தில் இருந்து வந்ததே. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். பல்லவர் சரித்திரத்தைப் போர்க் காட்சிகளோடு கல்லில் செதுக்கி இருக்கிறார்கள். வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போங்கள். தூணுக்குத் தூண் குதிரை வீரர்கள் பாய்கிறார்கள். காஞ்சீபுரத்துக் குழந்தைகள் பரம்பரை பரம்பரையாக இவற்றைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறார்கள்.

சுற்றுப்புறக் கிராமங்களில் கோடைக் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். கடைசியில் துரியோதனன் படுகளம். களிமண்ணால் பெரிய துரியோதனனைச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். வீமன் வேடம் போட்டவர் கதையோடு வருவார். தொடையில் அடிப்பார். சிவப்பு நீர் ரத்தமாக ஓடும். கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஊரே கூடி நின்று பார்க்கும்.

இதுவும் ரத்தம்தானே? இதுவும் சண்டைதானே? இதைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப் போகவில்லையே! செல்போனில் வருவது மட்டும் எப்படித் தப்பாகும்?

நல்ல கேள்வி. பதில் இருக்கிறது.

படுகளத்தில் துரியோதனன் விழுந்ததோடு கதை முடிவது இல்லை. விழுந்தவனுக்காக அழுகிற குரலும் அங்கே கேட்கும். கெட்டவன்தான். ஆனாலும் அவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்று பிள்ளைகள் பார்க்கிறார்கள். தொடையில் அடித்தது முறையா என்று பெரியவர்கள் விவாதம் செய்வதையும் கேட்கிறார்கள். ராமாயணத்தில் என்ன நடக்கிறது? ஆயுதம் எல்லாம் இழந்து வெறும் கையோடு நிற்கிறான் ராவணன். ராமன் அவனை அப்போது கொல்லவில்லை. போய்விட்டு மறுநாள் வரச் சொன்னான்.

இந்தக் கதைகளில் சண்டையும் இருக்கிறது. சண்டைக்கு ஒரு வரம்பும் இருக்கிறது.

விழுந்த பிறகு என்ன?

இந்த வரம்பு விளையாட்டு மைதானத்திலும் உண்டு. 1867-ல் இங்கிலாந்தில் குத்துச்சண்டைக்கு 'குவீன்ஸ்பரி விதிகள்' வந்தன. கையுறை போட வேண்டும். ஒரு சுற்று 3 நிமிடம். ஒருவன் விழுந்தால், எழுந்திருக்க 10 விநாடி கொடுக்க வேண்டும். அதுவரை மற்றவன் ஒதுங்கி நிற்க வேண்டும். 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பத்து எண்ணும் காட்சி தெரிந்திருக்கும். நம் குஸ்தியில் எதிரியின் இரண்டு தோளும் தரையில் பட்டால் போட்டி முடிந்தது. சிலம்பத்தில் கம்பு எதிராளி உடம்பைத் தொட்டாலே புள்ளிதான். தொட்டவன் மேலே மேலே அடிப்பது இல்லை.

ஆகவே ஒரு சண்டை விளையாட்டைப் பிள்ளைகள் ஆடலாமா என்று எடை போட, முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. எதிரி விழுந்த பிறகு என்ன நடக்கிறது?

விழுந்ததும் சண்டை நின்று விட்டால், அது போட்டி. விழுந்த பிறகு வதைப்பதற்குப் பரிசு கொடுத்தால், அது வேறு. முதலாவதில் பிள்ளை ஜெயிக்கக் கற்றுக் கொள்கிறான். இரண்டாவதில் விழுந்தவன் மேல் இரக்கப்படாமல் இருக்கக் கற்றுக் கொள்கிறான்.

இந்தக் கேள்விக்கு எல்லா விளையாட்டும் சுலபமாகப் பதில் சொல்லி விடாது என்பதும் உண்மை. யு.எப்.சி. சண்டையில் கீழே விழுந்தவனையும் குத்தலாம். அந்தப் பந்தயத்தின் விதி அப்படி. நடுவர் வந்து தடுக்கும் வரை குத்து விழும். ஆகவேதான் அது பெரியவர்களுக்கு உரியது. டி.வி. மல்யுத்தத்திலும் விழுந்தவனை மிதிக்கிறார்கள். அதன் ரகசியத்தை நம் பிள்ளைகள் தெரிந்து கொள்ள வேண்டும்.

என்ன ரகசியம்? 1989-ல் அந்த மல்யுத்தக் கம்பெனியே அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாண சட்டசபைக்குச் சொல்லி விட்டது. இது பந்தயம் அல்ல, பொழுதுபோக்குக் காட்சி என்று ஒப்புக் கொண்டது! யார் ஜெயிப்பது என்பதை முன்பே பேசி வைத்துக் கொள்கிறார்கள். மிதிக்கிறவன் அடிபடாமல் மிதிக்கப் பழகியவன். விழுகிறவனும் விழப் பழகியவன். அப்படியும் அவர்களுக்குக் காயம் ஏற்படுவது உண்டு.

செல்போன் விளையாட்டில் இந்தப் பேச்சும் பழக்கமும் தெரிவதில்லை. மிதி மட்டும் தெரிகிறது. பாயிண்ட் தெரிகிறது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

விசாரித்ததில் நான் தெரிந்து கொண்டதை ஐந்து கேள்விகளாகச் சொல்கிறேன்.

1. எண் என்ன? விளையாட்டின் கீழே உள்ள வயது எண்ணைப் பாருங்கள். பிள்ளையின் வயதுக்கு மேல் இருந்தால் வேண்டாம். அந்த எண்ணுக்கு மேற்பட்டவை போனில் இறங்காதபடி கூகுள் பிளே கடையிலேயே பூட்டுப் போடலாம். 'பெற்றோர் கட்டுப்பாடு' என்று அதற்குப் பெயர். அந்த ரகசிய எண் உங்களிடமே இருக்கட்டும்.

2. விழுந்த பிறகு என்ன? எண் சரியாக இருந்தாலும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தோற்றவனை என்ன செய்கிறார்கள்? வதைத்தால் கூடுதல் பாயிண்ட் உண்டா?

3. பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பெரியவன் ஆடுவதைச் சின்னவள் பார்க்கிறாளா? 12 வயதுக்கு ஏற்றது 6 வயதுக்கு ஏற்றது அல்ல. வீட்டில் உள்ள கடைசிக் குழந்தையின் வயதையும் கணக்கில் எடுத்துக் கொள்ளுங்கள்.

4. முடித்த பிறகு பிள்ளை எப்படி இருக்கிறான்? போனை வாங்கினால் எரிந்து விழுகிறானா? சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் கெடுகிறதா? விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இந்த நிலை ஓர் ஆண்டு வரை நீடிக்குமானால் அது நோய் என்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் போகலாம்.

5. உடம்புக்கு விளையாட்டு உண்டா? ஓடவும், தள்ளவும், பிடித்து உருளவும் பையன்கள் ஆசைப்படுவது இயற்கை. அதற்கு இடம் கொடுக்காமல் போனை மட்டும் பிடுங்கினால் பயன் இல்லை. கபடியோ, சிலம்பமோ, ஏதாவது ஒன்று வேண்டும். நிஜமான எதிராளிக்கு வலிக்கும் என்பது அங்கேதான் தெரியும்.

மறுபடியும் பிள்ளையார்பாளையம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். தறிக்கு லீவு. வீட்டில் எல்லோரும் இருந்தார்கள்.

பையனோடு உட்கார்ந்து அரை மணி நேரம் ஆடினேன். மூன்று முறை தோற்றேன். பிறகு அந்த மல்யுத்த ரகசியத்தைச் சொன்னேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம்!

"அப்போ நிஜமா மிதிக்க மாட்டாங்களா சார்?"

"வலிக்காதபடி மிதிக்கப் பல வருஷம் பழகி இருக்கிறார்கள் தம்பி. நீ பழகி இருக்கிறாயா?"

அவன் தலையைக் குனிந்து கொண்டான். பிறகு தங்கையைப் பார்த்தான். வேறு உபதேசம் ஒன்றும் தேவைப்படவில்லை.

பெற்றோர் கலந்து பேசி ஒரு முடிவு செய்தார்கள். சித்தப்பா வீட்டு லீவு உண்டு. மோர்ட்டல் காம்பாட் கிடையாது. அதற்கு 17 வயது ஆகட்டும். இதைச் சித்தப்பாவுக்கும் போனில் சொல்லி விட்டார்கள். கையில் உள்ள மல்யுத்த விளையாட்டைக் கூடத்தில், பெரியவர்கள் முன்னால், அரை மணி நேரம் ஆடலாம். அறைக் கதவைச் சாத்திக் கொண்டு ஆடக்கூடாது. தங்கை பக்கத்தில் இருந்தால் அதுவும் கிடையாது. அவள் தூங்கிய பிறகு, அல்லது வேறு விளையாட்டு. அதோடு சிலம்ப வகுப்பில் சேர்த்து விடுவதாக அப்பா வாக்களித்தார்.

"நானும் வந்து பார்க்கிறேன்டா. நான் பார்த்ததே இல்லை" என்றார். 9 வயதில் தறியில் உட்கார்ந்தவர் அல்லவா!

நான் புறப்படும் சமயம் பையன் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடினான். தங்கை உள்ளே பாட்டியிடம் தலை பின்னிக் கொண்டிருந்தாள். ஆட்டத்தில் எதிரி தடாலென்று விழுந்தான். பையன் கை பட்டனுக்குப் போயிற்று. அப்படியே நின்றது.

"என்னடா, ஆடலியா?" என்றார் அப்பா.

"எழுந்திரிக்கட்டும்பா" என்றான்.

எதிரி எழுந்தான். ஒரே குத்து! பையனுடைய வீரன் சுருண்டு விழுந்தான். ஆட்டம் போயிற்று.

"ஐயோ, தோத்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே பையன் சிரித்தான். உள்ளே இருந்து பாட்டி, "என்னடா சத்தம்?" என்று குரல் கொடுத்தார். அந்த அம்மாவும் சிரித்து விட்டார். முதல் நாள் போனபோது நான் பார்க்காத சிரிப்பு அது.